பிலோமினா அக்கா வெட்டாத மூச்சு

பிலோமினா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் இருங்காட்டுக்கோட்டையில், வாடகை அறைகள் வரிசையாக இருக்கும் தெருவில் காய்கறி வண்டியை நிறுத்தியிருந்தேன். வண்டி மேலிருந்த ஒலிபெருக்கியில் என் குரல் "நல்ல தக்காளி, நாட்டுத் தக்காளி" என்று கூவிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. அக்காவின் கணவர் சூசை அண்ணன். எனக்கு இப்போது குரல் கிடையாது. தொண்டையில் வந்த புற்றுநோய்க்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். யார் போன் செய்தாலும் திரையில் இருக்கும் பொத்தான்களில் ஒன்றை அமுக்குவேன். என் பழைய குரல் "சொல்லுங்க" என்று சொல்லும். அன்றும் அமுக்கினேன்.

"முருகேசு, அக்கா போயிட்டாப்பா. காத்தால டீ போட்டுகினு இருந்தா. அப்டியே சாஞ்சிட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

அடுத்து எதை அமுக்குவது என்று தெரியவில்லை. விரல் எங்கேயோ பட்டு, "கொத்தமல்லி சும்மா தாறேன், எடுத்துக்கோங்க" என்று என் குரல் உற்சாகமாகக் கத்தியது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மறுமுனையில் சூசை அண்ணன், "தெரியும்ப்பா. நீ கிளம்பி வா" என்றார்.

அந்தப் பொத்தான்களைச் செய்து கொடுத்தவர் பிலோமினா அக்கா. அவரோடு கார் சீட்டுக்கு உறை தைத்தவர்களுக்கும், பிள்ளைப்பாக்கம் சர்ச்சில் அவரோடு பாடியவர்களுக்கும், அவர் வீட்டு ஸ்டோர் ரூமில் ஒரு தடவையாவது மைக் முன்னால் நின்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த அக்காதான். ஆனால் எனக்கு அவர் செய்தது என்ன என்பது உங்களில் பலருக்கு முழுதாகத் தெரியாது.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். அக்கா வேலை பார்த்த அதே கார் சீட் கம்பெனியில், ஃபோம் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். அக்கா தையல் லைனில் நிரந்தரம். என் தொண்டை அப்போது சாதாரணத் தொண்டை இல்லை. நான் இந்தக் கோடியிலிருந்து டிராலி கேட்டுக் கத்தினால் அந்தக் கோடியில் சூப்பர்வைசர் டீயைச் சிந்துவார். "உனுக்கு எதுக்குடா போனு? ஜன்னலத் தொறந்து கூப்ட்டா உங்க ஊர்லயே கேட்கும்" என்பார் அக்கா. எனக்கு அதில் பெருமைதான். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு குட்டியானை வண்டி வாங்கிக் காய்கறி விற்க இறங்கியதே அந்தத் தொண்டையை நம்பித்தான்.

அக்கா கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியது சர்ச் பாட்டுக்காக. பாடகர் குழுவில் ஒருவருக்குக் காலை ஷிப்ட், ஒருவருக்கு மாலை ஷிப்ட், இன்னொருவருக்கு எப்போதும் ஓ.டி. எல்லோரும் ஒரே நேரத்தில் நின்று பாட வழியே இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, இந்த வருடம் பாட்டை விட்டுவிடலாம் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். "ஆளு ஒண்ணா வரலன்னா இன்னா ஃபாதர்? குரலு ஒண்ணா வந்தா போதாதா?" என்று கேட்டுவிட்டு வந்தவர், வீட்டில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டினார். இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருள், இணையத்தில் யாரோ சொல்லித்தரும் வீடியோக்கள், ஒரு மைக். ஸ்டோர் ரூம் சுவரெல்லாம் பழைய இரும்புக் கடையில் எடுத்து வந்த சீட் ஃபோம் துண்டுகளை ஒட்டினார். அந்த அறைக்குள் போனால் ஏதோ பெரிய காரின் வயிற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஒவ்வொருவரும் தமக்கு முடிந்த நேரத்தில் வந்து, காதில் ஹெட்போனை மாட்டி, முன்னால் பாடியவரின் குரலைக் கேட்டுக்கொண்டே தம் பகுதியைப் பாடிவிட்டுப் போவார்கள். திரையில் ஒவ்வொரு குரலும் ஒரு தனி டிராக்காக, ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து விழும். முதல் தடவை எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தபோது ரீட்டாவின் குரல் மற்ற எல்லோரையும் மிதித்துக்கொண்டு நின்றது. ரீட்டாவுக்குப் பிரஸ் ஷாப்பில் வேலை. ஷிப்ட் முடிந்து நேரே வந்து பாடியிருக்கிறாள். "அவ காதுல மிஷினு இன்னும் ஓடிகினு கீது. அத்தத் தாண்டிப் பாடறா" என்றார் அக்கா. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. யார் வந்தாலும் முதலில் டீ. டீ குடித்து முடிக்கும் வரை யாரும் பேசக்கூடாது. காது அடங்கிய பிறகுதான் மைக். அந்தக் கிறிஸ்துமஸில், ஒரு நாளும் ஒன்றாக நிற்காத ஆட்கள் ஒன்றாகப் பாடியது சர்ச்சில் கேட்டது. பாடியவர்களில் பாதிப்பேர் அந்நேரம் கம்பெனியில் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

எங்கே ஒட்டினார், எங்கே வெட்டினார் என்று எனக்குக் காதில் தெரியவே தெரியாது. எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "தையலு மாதிரிதான்டா. ரெண்டு துணியும் ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறி உக்காரணும். ஓரத்த ஓரம் முட்ட வெச்சித் தெச்சா பிரிஞ்சிடும்" என்றார். ஒரு சத்தம் தேய்ந்து மறையும்போதே அடுத்தது மெல்ல மேலே வர வேண்டுமாம். பகல் முழுக்க சீட்டில் செய்ததை மாலையில் பாட்டில் செய்தார்.

என் வண்டிக்கான கூவலையும் அவர்தான் பதிவு செய்தார். நான் ஃபோம் அறைக்குள் மைக்கைப் பார்த்ததும் செய்தி வாசிப்பவன் போல "வணக்கம், தக்காளி" என்று தொடங்கினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். மைக்கை வயரோடு வாசல்வரை இழுத்து வைத்துவிட்டு, என்னைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தி, "இப்போ கத்துடா" என்றார். கத்தினேன். கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு குறுக்கே போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி கத்தினேன், மறுபடி சிரிப்பு. எத்தனை தடவை எடுத்தோமோ, எதையும் அவர் அழிக்கவில்லை. "நான் எதையும் அயிக்க மாட்டேன். சத்தத்த நிறுத்தி ஓரமா வெச்சிப்பேன். எப்போ எது தேவப்படுமோ யாரு கண்டா" என்பது அவர் பேச்சு.

முடிந்ததைப் போட்டுக் கேட்டபோது எனக்கு ஒரு குறை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நான் மூச்சை இழுப்பது நன்றாகக் கேட்டது. "அக்கா, இது அசிங்கமா இருக்கு. மாடு மூச்சு விடுத மாதிரி. வெட்டி எறிஞ்சிருங்க" என்றேன்.

"மூச்ச வெட்ட மாட்டேன்."

"எல்லாரும் வெட்டுதாங்கல்லா?"

"வெட்டட்டும். மூச்ச வெட்டுனா அது ரயில்வே ஸ்டேசன் அறிவிப்பு. மூச்ச வுட்டாதான் உள்ள ஒரு ஆளு கீறான்னு தெரியும்."

அந்தக் கூவலோடு வண்டி முதன்முதலில் தெருவில் போன அன்று, அறைகளிலிருந்து லுங்கியோடு பையன்கள் இறங்கி வந்தார்கள். "அண்ணாச்சி, நமக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்கள். அவர்களுக்குத் திருநெல்வேலி, ராஜபாளையம், கோவில்பட்டி. காய் வாங்கினார்களோ இல்லையோ, ஊர்ப் பேச்சைக் கேட்க வந்தார்கள். என் வியாபாரம் நிலைத்தது அந்தக் குரலில்தான்.

அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்தது. முதலில் சளி என்று நினைத்தேன். பிறகு சோதனைகள். கடைசியில் டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: குரல்வளையை எடுத்தால் உயிர் பிழைக்கலாம், பேச முடியாது, கழுத்தில் வைக்கும் துளை வழியாகத்தான் மூச்சு. நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பிள்ளைப்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். "வண்டிய வித்துரலாம்னு இருக்கேன்க்கா" என்றேன். உயிரைவிடக் குரல் போவதுதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. குரல் இல்லாத முருகேசனை யாருக்குத் தெரியும்?

அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. டீ கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை பேசவிடவில்லை. பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு, ஓரமாக வைத்திருந்த பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். தெருவில் நின்று நான் கத்திய கத்தல், லாரி ஹாரன், என் சிரிப்பு, "யக்கா, இன்னொருக்கா எடுங்க" என்ற கெஞ்சல். நோய் தொடாத குரல். "உன் வாயி பத்திரமா இங்க கீது. வண்டிய எதுக்கு விக்கற?" என்றார். அன்று அந்த அறையில் நான் அழுதேன். சத்தமாக அழ எனக்கு அப்போது குரல் இருந்தது.

அறுவை சிகிச்சைக்கு முன் மிச்சமிருந்த நாட்களில் அக்கா லீவு போட்டு உட்கார்ந்தார். பழைய பதிவிலிருந்து விற்பனைக்கான சொற்களை வெட்டி எடுத்தார். இல்லாததை என் கரகரத்த குரலில் புதிதாகப் பதிந்தார். நான் காய்களின் பெயரோடு நிறுத்தியிருப்பேன். அவர் விடவில்லை. "எடை கம்மின்னு எவளாவது சொன்னா இன்னா பண்ணுவ? சண்ட போட வோணாமா?" என்று கேட்டு, எனக்குச் சண்டைக்கென்றே சில வரிகளைப் பதிந்தார். "நீங்களே நிறுத்துப் பாருங்கம்மா" என்று ஒன்று இருக்கிறது. இன்றுவரை அதற்கு எதிரே நின்றவர் கிடையாது. ஒவ்வொன்றையும் என் போன் திரையில் ஒரு பொத்தானாக்கினார், என் சிரிப்பைக்கூட.

"சரி, வூட்ல இன்னா பேசுவ?" என்றார்.

"வீட்டுல என்னத்தப் பேசுதேன்? சோறு, தண்ணி."

"பொண்டாட்டிய கொஞ்ச மாட்டியா?"

"அதெல்லாம் மைக்குலயா சொல்லுவாங்க? சும்மா கெடங்கக்கா."

அக்கா எழுந்தார். சிவப்புப் பொத்தானைக் காட்டி, "இத்த அமுக்கிட்டுப் பேசு. முடிஞ்சதும் கதவத் தட்டு. நான் மாட்டுக்குத் தண்ணி வெச்சிட்டு வரேன்" என்று வெளியே போய்விட்டார். நான் தனியாக உட்கார்ந்து என் மனைவி பேச்சியம்மாளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அக்கா அதைக் கேட்டுத்தான் ஒழுங்கு செய்திருக்க வேண்டும். ஆனால் அதைப் பற்றி ஒரு கேலி, ஒரு புன்னகைகூட அவரிடமிருந்து வந்ததில்லை. மற்ற டிராக்குகளுக்கெல்லாம் பெயர் வைத்தவர், அதற்கு மட்டும் பெயர் வைக்காமல் விட்டிருந்தார். எங்களைக் கேலி செய்யாமல் ஒரு நாளும் இருந்ததில்லை என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து நான் வண்டியோடு தெருவுக்கு வந்தபோது என் கழுத்தில் ஒரு பருத்தித் துணி இருந்தது. துளையில் தூசி போகாமல் இருக்க அக்கா தைத்துக் கொடுத்தது. சீட்டுக்குத் தைப்பதுபோலவே ஓரத்தில் இரட்டைத் தையல். பொத்தான்களோடு வியாபாரம் நன்றாகவே ஓடியது. அப்போதுதான் நாங்கள் செய்த முட்டாள்தனம் வெளியே வந்தது. "இல்ல" என்ற சொல்லை நாங்கள் பதியவே இல்லை. வியாபாரம் செய்கிறவன் வாயில் இல்லை என்று வரக்கூடாது என்பது எங்கள் பழக்கம். காய் இல்லையென்றால் "நாளைக்கு வரும்" என்போம். மற்றதற்குத் தலையை ஆட்டினால் போதும் என்று இருவருமே நினைத்துவிட்டோம். ஆனால் போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? குன்றத்தூர் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா போனில், "பத்தியக்காரருக்குப் புடலங்காய் வேணும். நான் வேற எடத்துல வாங்கிடவா, இல்ல நீங்க இன்னைக்கே கொண்டு வருவீங்களா?" என்று கேட்டார். "நாளைக்கு வரும்" என்று அமுக்கினேன். "அப்ப இன்னைக்கு இல்லையா?" என்றார். நான் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அதன்பின் அவர் போன் செய்யவே இல்லை.

அக்காவிடம் எழுதிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உட்கார்ந்தார். பழைய பதிவுகளைத் துழாவி, "இருக்கு" என்று நான் சொன்னதிலிருந்து முதல் எழுத்தையும், "நல்ல தக்காளி"யிலிருந்து பின்பாதியையும் எடுத்து ஒட்டினார். முதலில் திக்குவாய் பேசுவது போல வந்தது. தள்ளிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார், ஒன்றின் மேல் ஒன்றை உட்கார வைத்தார். வேலைக்குப் போய்விட்டு வந்து மறுநாளும் செய்தார். கடைசியில் என் குரல் தெளிவாக "இல்ல" என்றது. நான் மைக்கில் ஒருபோதும் சொல்லாத "இல்ல". அதற்கு முன்னால் வேறெங்கிருந்தோ எடுத்து ஒரு சின்ன மூச்சையும் வைத்திருந்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைப் போன்ற வேலையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

இப்போதெல்லாம் நாம் எழுதிக் கொடுத்தால் நம் குரலிலேயே பேசும் செயலிகள் வந்துவிட்டன. என் மகள் ஒன்றில் என் பதிவுகளைப் போட்டுப் பார்த்தாள். வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்கும் குரல் போலப் பேசியது. அக்காவிடம் போட்டுக் காட்டினோம். "நல்லாத்தான் பேசுது. முருகேச விட நல்லாப் பேசுது. அதான் நம்ப முடியல" என்றார். பிறகு, "இருந்துட்டுப் போவட்டும். அவசரத்துக்கு ஆவும்" என்றும் சொன்னார். எதையும் ஒதுக்குகிற ஆள் இல்லை அவர்.

அவர் போன அன்று நான் வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு பிள்ளைப்பாக்கம் வந்தேன். வாசலில் இறங்கும்போதே உள்ளே பெண்கள் அழும் சத்தம் கேட்டது. தையல் லைன் பெண்கள் யூனிஃபார்மோடு வந்திருந்தார்கள். ரீட்டா அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு யாருக்கா இனிமே டீ குடுப்பாங்க" என்று கதறினாள். நானும் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதேன். கண்ணீர் வந்தது, தோள் குலுங்கியது, வாய் திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கழுத்துத் துணி மட்டும் மேலும் கீழும் ஆடியது. பின்னால் யாரோ உறவுக்காரப் பெண், "இன்னா இந்தாளு, இவ்ளோ பயக்கம்ன்றாங்க, ஒரு சத்தத்தக் காணோம்" என்று இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரியாது. குற்றம் சொல்ல முடியாது.

அங்கே உட்கார்ந்தபடி பொத்தான்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கூவல் இருக்கிறது, சண்டை இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, கொஞ்சல்கூட இருக்கிறது. ஒரு மனிதனுக்கு வேண்டியதையெல்லாம் அக்கா யோசித்து யோசித்து எடுத்து வைத்தார். அழுகையை மட்டும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எதற்காகத் தோன்றப் போகிறது? பிழைத்துக் கிடக்கத்தானே அத்தனையும் செய்தோம்.

அடக்கம் முடிந்த பிறகு சூசை அண்ணன் கம்ப்யூட்டரை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். "நீ எட்த்துனு போ. உன் வாயி அதுக்குள்ள கீது" என்றார். நான் எடுத்துப் போகவில்லை. அது அந்த ஃபோம் அறையிலேயே இருக்கட்டும், நான் வந்து உட்காருகிறேன் என்று எழுதிக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பழக்கத்தில் எனக்கும் கொஞ்சம் வெட்ட ஒட்டத் தெரியும். அவர் அளவுக்கு வராது. என் ஒட்டில் டக்கென்று ஒரு சத்தம் கேட்கிறது. போகப்போகச் சரியாகும்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து அக்காவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்னால் பேச முடியாது, அதனால் இதை எழுதினேன். செயலியில் போட்டால் என் குரலிலேயே இதை மூச்சு விடாமல் படித்துவிடும்; எனக்கு அது வேண்டாம். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதில் உங்களுக்குப் பிடித்த ஒரு பகுதியை வந்து மைக்கில் படித்துக் கொடுங்கள். உங்கள் ஷிப்ட் எப்போது முடிகிறதோ அப்போது வாருங்கள், எல்லோரும் ஒன்றாக வர வேண்டியதில்லை. பேச்சியம்மாள் டீ போட்டு வைப்பாள். ஆளுக்கொரு டிராக்காக எடுத்து நான் ஒட்டி, திருப்பலி முடிந்ததும் போட்டுவிடுகிறேன்.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: மூச்சை வெட்டக்கூடாது. வெட்ட மாட்டேன். படிக்கும்போது உங்களுக்கு அழுகை வந்தால், மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அழுதுவிடுங்கள். மைக் ஓடட்டும். அக்காவுக்காக அழுகிற சத்தம் எனக்கு வேண்டும், என்னிடம் அது இல்லை.